காப்பு நாளில் கொடுத்த ரத்தம்

இன்சுலின் ஊசி போடாமல் இருப்பதற்காக என் வீட்டுக்காரர் உத்திராபதி ஐந்து வருஷம் பாடுபட்டார். அந்தப் பாட்டில் பாதி என்னுடையது.

ஊசிக்குப் பயந்த ஆள் இல்லை அவர். ஊசி போட்டால் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். காப்புக் கட்டினால் பத்து நாள் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் கரகம் கையை விட்டுப் போய்விடும். அவருக்கு இருந்த பயம் இதுதான்.

விக்கிரமங்கலத்திலிருந்து மூன்று மைல் எங்கள் ஊர். சித்திரையில் செல்லியம்மனுக்குத் திருவிழா. காப்புக் கட்டிப் பத்தாம் நாள் சக்தி கரகம் தெருத் தெருவாக வரும். அதைத் தூக்குகிற பாத்தியம் என் மாமனார் வகையறாவுக்கு. மாமனார் போன பிறகு இவருக்கு வந்தது. பத்து நாளும் பகலில் பச்சைத் தண்ணீர்தான். விளக்கு வைத்த பிறகு ஒருவேளை உப்பில்லாத கஞ்சி, இரண்டு வாழைப்பழம். காலுக்குச் செருப்பு கிடையாது. வெளியூர் போனாலும் விளக்கு வைப்பதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பூசாரி பாவாடை கரகத்தை அடுத்த பங்காளியின் தலையில் ஏற்றிவிடுவார். ஏறினது ஏறினதுதான், திரும்பி வராது.

அடுத்த பங்காளி வைரக்கண்ணு. இவருடைய சித்தப்பா மகன். ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை வாங்கி விற்கிறவர். நல்ல வாட்டசாட்டமான ஆள்.

இவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டுவார், சக்கரத்தில் கோட்டம் எடுப்பார், காற்று அடித்துவிடுவார். ஊரில் அவரை யாரும் ஒரு ஆளாக மதித்தது கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிட்டு வருவார். கரகம் தலையில் ஏறிய நாள் மட்டும் அவரை ஏவுகிறவர்களெல்லாம் ரோட்டில் ஈரத்துணியோடு விழுந்து கும்பிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் மற்ற நாளை ஓட்டினார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் சும்மா இருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஐப்பசியில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கோட்டம் எடுக்கும்போது சக்கரத்துக் கம்பி இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொன்னார். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. அரியலூரில் ஒரு வயதான டாக்டரிடம் போனோம். முன்னூற்று நாற்பது இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதில் அடங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றார். அடுத்த தடவை வரும்போது வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்.

அந்த வெறும் வயிறுதான் எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

இவருக்குக் காலையில் டீ குடிக்காமல் முடியாது. முதல் தடவை போனபோது ரத்தம் எடுக்கிற தம்பி கேட்டது, "டீ கீ சாப்டீங்களா?"

"ஒரே ஒரு டீ தம்பி. சர்க்கரை போடாமதான் குடிச்சேன்."

"போயிட்டு நாளைக்கு வாங்க."

"வெறும் டீதானே. அதுல என்னா இருக்கு?"

"டீயில என்னா இருக்குன்னு டீக்கடைக்காரர்கிட்ட கேளுங்க. எனக்கு உங்க ரத்தந்தான் வேணும். நாளைக்கு வாங்க."

இரண்டாம் தடவை நான் கூடப் போய்க் காவல் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் கையில் கிளாஸோடு நின்றார். கேட்டதற்கு, "டீ இல்லாம பஸ்ஸ விட்டு எறங்கவே காலு வரல புள்ள" என்றார். அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

சித்திரை வந்தது. காப்புக் கட்டினார். ஏழாம் நாள் காலையில் டீ இல்லாமல் முகம் காய்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. "ஏங்க, இன்னைக்குப் போயி ரத்தத்தக் குடுத்துட்டு வந்துட்டா என்னா? வயிறு வெறுசாத்தானே கெடக்கு" என்றேன். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோம்.

நான் கள்ளத்தனமாக நினைக்கவில்லை. வெறும் வயிறு என்று டாக்டர் சொன்னால், எவ்வளவுக்கு எவ்வளவு வெறுமையோ அவ்வளவுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். ஒரு ராத்திரி பட்டினி கிடந்து கொடுக்கிற ரத்தத்தைவிட ஏழு நாள் விரதம் இருந்து கொடுக்கிற ரத்தம் சுத்தமாகத்தானே இருக்கும். ஐந்தாம் வகுப்பு படித்த என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. டாக்டர் சீட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"மாத்திர நல்லா வேல செய்யுது. இதையே சாப்புடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

விரதம் இருப்பதை நாங்கள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். வெளியே வந்து இவர் அரியலூர் ரோட்டிலேயே கிழக்கே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா எறக்கி வச்சிட்டா" என்றார். நானும் கும்பிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை நூற்றெட்டு விளக்குப் போட்டேன். எண்ணெயை வாங்கி எரித்துவிட்டு, சர்க்கரை போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

திருவிழா முடிந்ததும் அவர் எப்போதும் போல மூன்று வேளையும் சோறு சாப்பிட்டார். கடையில் வருகிறவர்களோடு ஐந்தாறு டீ. மாத்திரை ஒருநாள் போடுவார், ஒருநாள் மறந்துவிடுவார். நல்லாகிவிட்ட உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். மறு வருஷம் காப்பிலும் போய்க் கொடுத்தோம். நூற்று இருபத்தொன்று. டாக்டர் சிரித்த முகமாக அனுப்பிவைத்தார்.

அந்த வருஷம் கார்த்திகையில் பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் போட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக இவரும் விரலை நீட்டிவிட்டார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முன்னூற்றுப் பதினெட்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

"ஓசியில வர்ற மிஷினு இப்படித்தான் காட்டும்" என்று சொல்லி அதைக் கிழித்து அடுப்பில் போட்டார். போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஏங்க, அரியலூருக்குப் போயிட்டு வந்துடுவமா?"

"காப்புக்குப் போவமே. எப்பவும் அப்பத்தானே போறோம்."

நான் சரி என்றேன். அதுவரை நடந்தது அறியாமை. அதற்குப் பிறகு நடந்ததை அறியாமை என்று சொன்னால் சாமிக்கு அடுக்காது.

இரண்டாயிரத்து நான்கில் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால்தான் எங்கள் தெருவுக்குப் புதுசாகத் தார் போட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குக் கரகம் வந்தது. மேளக்காரர்களும் அவர்களைப் போல வெறுங்காலோடு வந்தவர்களும் ஓரத்து மண்ணில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். இவர் மட்டும் தார் ரோட்டின் நடுவில் நிதானமாக ஆடிக்கொண்டு வந்தார். "ஆத்தா அவரப் பூமேல நடத்துறாடி" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் அழுதாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் கால் கழுவும்போது பார்த்தேன். இரண்டு பாதத்திலும் தோல் அப்பளம் போல் எழும்பி நின்றது. நான் தொட்டேன்.

"எரியலீங்களா?"

"இல்லையே. என்னா இருக்கு?"

அப்போதுதான் குனிந்து அவரே பார்த்தார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். ஆற இரண்டரை மாசம் ஆனது. அந்த இரண்டரை மாசமும் காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். சைக்கிள் கடையில் சாக்ஸா என்று கேட்டவர்களிடம் அரியலூர் டாக்டர் போடச் சொன்னதாகச் சொன்னார். டாக்டரிடம் அவர் கால் பற்றி வாயே திறக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து கடைசியில் அந்த அரியலூர் டாக்டர் வைத்தியத்தை விட்டுவிட்டு மகனோடு போய்விட்டார். இவருக்குக் கண் இன்னும் மங்கலானது. வேறு வழியில்லாமல் தை மாசம் பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். காப்பு இல்லாத மாசம் என்பதால் போவதற்கு முன்னால் மூன்று நாள் இவராகவே சோற்றைத் தள்ளிவிட்டார். கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அன்றைக்கு ரத்தத்தில் நூற்று முப்பத்தெட்டு வந்தது. ஆனால் அந்த அம்மா கூடுதலாக இன்னொரு குப்பியில் ரத்தம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

மறுவாரம் போனபோது இரண்டு சீட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

"இது போன வாரம் காலையில பாத்தது. நூத்தி முப்பத்தெட்டு. நல்ல புள்ள. இது மூணு மாசமா உங்க ஒடம்புல என்ன நடந்துச்சுன்னு காட்டுறது. ஏழுக்குள்ள இருக்கணும். பன்னெண்டு இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுதானா?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. இவரு எப்பப்ப டெஸ்டுக்குப் போவாரு?"

நான் அவரைப் பார்த்தேன். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கு அந்தப் பாதம்தான் ஞாபகம் வந்தது.

"வருஷத்துக்கு ஒருக்கா. காப்புக் கட்டி ஏழாம் நாளு."

"அன்னைக்கு என்ன சாப்புடுவாரு?"

"ஒண்ணும் சாப்புட மாட்டாரு. ராத்திரிக்கு உப்பில்லாத கஞ்சி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பட்டினி ஒடம்ப டாக்டர்கிட்ட காட்டிட்டு, சாப்புட்ட ஒடம்ப வூட்டுலயே வச்சிருந்திருக்கீங்க. எந்த ஒடம்புக்குய்யா மாத்திர குடுக்குறது?"

பிறகு அவர் காலைத் தூக்கி வைக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவினார்கள். தொடும்போது சொல்லுங்கள் என்றார்கள். அவர் கடைசிவரை காத்துக்கொண்டே இருந்தார். இன்னும் தொடவில்லை என்று நினைத்தாராம்.

"இனி மாத்திர பத்தாது. இன்சுலின்தான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. போட்டு அரைமணிக்குள்ள சாப்புட்டுடணும். விரதம் கிரதம்னு பட்டினி கெடந்தீங்கன்னா மயங்கி விழுந்து உசுருக்கே வந்துடும்."

"சித்திர முடியட்டும் டாக்டர்."

"சித்திரைக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு."

"மாத்திரையே கூட ரெண்டு குடுங்க. போட்டுக்கிறேன்."

"உங்களுக்கு ஊசின்னா பயமா?"

"இல்லீங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. கரகத்தைப் பற்றி அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒன்றைச் சொல்லிவிட்டேனே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மருந்துக் கடை பெஞ்சில் லப்பைக்குடிக்காட்டுப் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு இருக்கும். மடியில் ஒரு சின்ன ஃபிளாஸ்க். இவர் கையில் இருந்த சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"தம்பிக்குப் புதுசா? எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. இந்தா, இதுக்குள்ளதான் மருந்து, ஐஸ் போட்டு வச்சிருக்கு. பஸ்ஸுல வர்றவனெல்லாம் பாய் ஒரு கப்பு டீ ஊத்துங்கன்னு கேக்குறான்."

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

"நோன்பெல்லாம் எப்படிங்க பாய்?"

"அத ஏன் கேக்குற. மொத வருஷம் வீம்புக்குப் புடிச்சேன். மூணாம் நோன்பு அன்னைக்கு மத்தியானம் லுஹர் தொழுவையில சாஞ்சுட்டேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து, நோயாளிக்கு அல்லா கட்டாயப்படுத்தல, ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுத்துடுன்னு சொல்லிட்டாரு. இப்ப எல்லாரும் நோன்பு வச்சிருக்கப்ப நான் அடுப்படியில போயி கதவச் சாத்திட்டுத் திங்கிறேன். தொண்டையில எறங்காது தம்பி. ஆனா தின்னுறேன். துபாயில இருக்குற மவன் போன்ல மொத கேள்வியே, வாப்பா தின்னீங்களான்னுதான்."

வருகிற வழியில் பஸ்ஸில் நான் சொன்னேன், "பாருங்க, அவரு எவ்வளவு பக்தியான மனுசன். அவரே விட்டுட்டாரு."

இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவரு நோன்ப விட்டா அது அவருக்கும் அவரு சாமிக்கும் உள்ள சமாச்சாரம். நான் விட்டா வைரக்கண்ணுக்குப் போவுது."

ஊசி மருந்து வாங்கவில்லை. மாத்திரையை இரண்டு பங்காக விழுங்கினார். நான் பத்து நாள் யோசித்து, அவருக்குச் சொல்லாமல் ஆண்டிமடம் போனேன். வைரக்கண்ணு கடையில் முந்திரிக்கொட்டை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணி. அண்ணன் வரலையா? கரகம் தூக்குறவரு கடை வாசலுக்கெல்லாம் வர மாட்டாரோ?"

நான் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஒரு வருஷம் நீங்கள் தூக்குங்கள், உடம்பு தேறினதும் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்டேன்.

"நீங்க சொல்லி நான் மாட்டேன்னா அண்ணி? தூக்குறேன். தாராளமாத் தூக்குறேன்." கொட்டை ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "திருப்பிக் குடுக்குறது மட்டும் என் கையில இல்ல பாருங்க. அது ஆத்தா கையில. அவ ஒரு தலையில ஏறி உக்காந்துட்டா எறங்கச் சொல்ல நான் யாரு?"

போன தடத்திலேயே திரும்பி வந்துவிட்டேன். வைரக்கண்ணு அடுத்த நாளே எங்கள் ஊருக்கு வந்து டீக்கடையில் நாலு பேர் முன்னால், "அண்ணனுக்கு முடியலையாம்ல. அண்ணி வந்து கண்ணக் கசக்குது" என்று சொல்லியிருக்கிறார். இவர் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஊசி போட்டா ஒடம்பு நிக்குமுன்னு நெனச்ச. சரி. அதுக்கு அவன் வாசல்ல போயி நிக்கணுமா புள்ள? இந்த வருஷக் கஞ்சிய நானே காச்சிக்கிறேன். நீ பானையத் தொடாத."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் காப்புக் கஞ்சியை நான்தான் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வைப்பேன். அந்த வருஷம் அவரே மூன்று கல் கூட்டிக் காய்ச்சிக்கொண்டார். நான் சுவர் ஓரமாக நின்று பார்த்தேன். காப்பு நாளில் மனத்தாங்கல் கூடாது என்பார்கள். எங்களுக்கு அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் அவர்தான் கரகம் தூக்கினார். வைரக்கண்ணுவும் ஊரும் பார்க்கட்டும் என்று எல்லாத் தெருவுக்கும் போனார். போகாத தெருவுக்கும் போனார். இரண்டு மணிக்குக் கோயிலுக்குத் திரும்பினபோது அவர் நடந்த இடத்தில் திட்டுத் திட்டாக ஈரம் இருந்தது. மஞ்சத்தண்ணி என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

வலது காலில் தோல் மொத்தமாக வந்துவிட்டது. அவர் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். என்னைப் பார்க்க விடவில்லை. பேச்சுவார்த்தையே குறைவாக இருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை. பதினைந்தாம் நாள் வீட்டுக்குள் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று பெட்டியெல்லாம் நகர்த்திப் பார்த்தேன். எலி இல்லை.

காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவருக்குத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். அது நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்ததை வைத்து நான் போட்ட பெரிய கையெழுத்து அதுதான்.

மூன்றாம் நாள் நினைவு தெளிந்து, நர்ஸு வந்து வயிற்றில் ஊசி போட்டுவிட்டுப் போவதைப் பார்த்தார்.

"என்னா ஊசி அது?"

"சர்க்கர ஊசிதாங்க."

"எப்ப ஆரம்பிச்சாங்க?"

"வந்த அன்னைக்கே. நாலு வேளையும் போடுறாங்க."

"யாரும் என்னைக் கேக்கலையே" என்றார். கேட்கிற நிலைமையில் நீங்கள் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஐந்து வருஷமாக எல்லோரும் உங்களைத்தானே கேட்டோம் என்று சொல்லவும் வாய் வந்தது. போர்வையை இழுத்துவிட்டேன்.

ஊசி போட நர்ஸு எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கோடு எண்ணி மருந்தை இழுக்க வேண்டும், காற்று இருந்தால் தட்டி வெளியேற்ற வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றேன். ஈரமணல் போட்ட சட்டியில் சின்னக் கலயத்தை வைத்து அதற்குள் வைக்கச் சொன்னது. அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிசாக நினைத்து ஓடினோமே, அந்த ஊசி முடியைப் போல இருந்தது. ஊர்ப்பட்ட வலி வலிக்கும் என்று நினைத்துக்கொண்டு முதல் நாள் வீட்டில் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "போட்டுட்டியா?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சர்க்கரை நான்கே மாசத்தில் அடங்கிவிட்டது. இரண்டாயிரத்து இரண்டிலேயே அடங்கியிருக்கும்.

ஆத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் எங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னாள். அந்தப் பட்டினியைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொல்லவில்லை. அது நான் சொன்னது.

இந்த வருஷம், இரண்டாயிரத்து ஏழு சித்திரையில், வைரக்கண்ணு காப்புக் கட்டினார். இவரிடம் பூசாரி பாவாடை வந்து ஒரு வார்த்தை கேட்டார். "தம்பிக்குக் குடுங்க" என்று இவரே சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வார்.

கரகம் தெருவைக் கடக்கிறவரை அந்தத் தெருவில் யாரும் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிடுவதில்லை. எட்டு மணிக்கெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று சொன்னார்கள். அதை நம்பி ஏழே முக்காலுக்கு வழக்கம் போல ஊசியைப் போட்டுவிட்டேன். எட்டேகால் ஆனது. மேளம் தெரு முனையிலேயே நின்றுவிட்டது. வைரக்கண்ணு ஒவ்வொரு வாசலிலும் நின்று நிதானமாக அருள்வாக்குச் சொல்கிறார் என்று பெரியம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே வந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி கட்டி, கட்டிலில் கோயில் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல் ஆடியது.

நான் விடியற்காலையிலேயே யாருக்கும் தெரியாமல் இட்லி ஊற்றி மூடி வைத்திருந்தேன். இரண்டை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினேன்.

"கரகம் போவட்டும்."

"ஏங்க, ஊசி போட்டாச்சு."

"ஏன் போட்ட?"

"மணிக்குப் போடணுமே."

"மணிக்கு." அவர் சிரிப்பதற்குப் பார்த்தார், வரவில்லை. "நானு இருபது வருஷம் தூக்குனேன் புள்ள. அவன் தூக்கிட்டு வர்றப்ப நான் உள்ள ஒக்காந்து இட்லி திங்கிறதா?"

"தின்னுங்க. உங்க காலுல விழுறேன்." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே உறைத்தது. ஒரு கால்தான் இருந்தது. தட்டை அவர் மடியில் வைத்தேன். பிட்டு வாயில் கொடுத்தேன். முதல் வாய் அப்படியே கன்னத்தில் ஒதுங்கியிருந்தது. மேளச் சத்தம் வீட்டுச் சுவரில் அதிர்ந்தது. பிறகு மென்றார்.

வாசலில் கரகம் வந்து நின்றுவிட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். தெருவே நின்றது. வைரக்கண்ணு கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். பாவாடை திருநீற்றுத் தட்டோடு முன்னால் வந்தார்.

"உத்திராபதி எங்கம்மா? வாசலுக்கு வந்து துன்னூறு வாங்கிக்கச் சொல்லு. தூக்கிட்டு வந்தாவது ஒக்கார வைங்க."

எனக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. தூங்குகிறார் என்று சொல்லலாம். உடம்பு முடியவில்லை என்று சொல்லலாம். ஐந்து வருஷம் சொல்லிப் பழகின வாய்தான்.

"சாப்புட்டுக்கிட்டு இருக்காருங்க" என்றேன்.

மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முன்னால் நின்ற பெண்களுக்குக் கேட்டுவிட்டது. ஒருத்தி வாயில் கை வைத்தாள். வைரக்கண்ணு ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பாவாடை என் உள்ளங்கையில் திருநீற்றைக் கொட்டிவிட்டு அடுத்த வாசலுக்குத் திரும்பினார்.

நான் உள்ளே போனேன். தட்டு காலியாக இருந்தது. விரல் ஆட்டம் குறைந்திருந்தது.

"பாவாட என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்னா சொன்ன?"

"சாப்புடுறாருன்னு சொன்னேன்."

நான் கையில் இருந்ததைக் காட்டி, நெற்றியில் இடவா என்று கேட்டேன்.

"வாய் கழுவிட்டு வாங்கிக்கிறேன்" என்றார். "இன்னும் ஒண்ணு வை."